சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஏன் தூங்குகிறார்கள்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் முறை. அத்தை சுகமாகத்தான் இருக்கிறாள். நீங்கள் போன தடவை வாங்கிக் கொடுத்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரில் வரும் மரண அறிவிப்புகளை வரி விடாமல் சத்தமாகப் படிக்கிறாள். என்னுடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொல்லிப் பார்த்தேன், மாப்பிள்ளை. போன வாரம் கூப்பிட்டு, உங்கள் திட்டத்தால் எனக்கு இப்படி ஒரு இக்கட்டு வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். நீங்கள் உடனே, "இதுக்கு என்ன பண்ணலாம்னு நீங்க நினைக்கிறீங்க மாமா?" என்று கேட்டீர்கள். நானும் ஏதோ சொன்னேன். "அது ஏன் சரியா வரும்னு நினைக்கிறீங்க?" என்றீர்கள். அதற்கும் சொன்னேன். கடைசியில் நானே கேட்டு நானே பதில் சொல்லி, ரொம்ப நன்றி மாப்பிள்ளை என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் திருப்பிக் கேட்க முடியாது.

முதலில் இருந்தே சொல்கிறேன். உங்கள் கல்வி இலாகா நடத்திய அந்த ஆசிரியர் பயிற்சிக்கு நானாக வரவில்லை. எங்கள் தலைமை ஆசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு, "பயிற்சி கொடுக்கிறவரு உங்க மாப்பிள்ளையாமே சார், நீங்களே போகலைன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். வந்தேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். நீங்கள் மேடையில் இருந்து என்னைப் பார்த்து மற்ற எல்லோரையும் போலவே 'சார்' என்றீர்கள், நானும் உங்களை 'சார்' என்றேன், பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எங்களுக்கு மஞ்சளும் பச்சையுமாகக் கலர் பேப்பர் கொடுத்து, மனதில் பட்டதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னீர்கள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற ஆசாமி நான். முட்டி வலியோடு சுவர் வரைக்கும் நடந்து போய், 'தாகமாக இருக்கிறது' என்று எழுதி ஒட்டினேன். அதையும் நீங்கள் எடுத்துப் படித்து, "அருமை! இது ஒரு உண்மையான பிரச்சினை!" என்றீர்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை.

பிரச்சினை வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். வாத்தியார் பாடம் நடத்தக் கூடாது. பிள்ளைகள் முன்னால் ஒரு பிரச்சினையை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவர்களே தேடி, அவர்களே தப்புப் பண்ணி, அவர்களே திருத்திக்கொள்வார்கள். நாளைக்கு நாம் இல்லாவிட்டாலும் தாமாகப் படிக்கிற பிள்ளைகளாக ஆகிவிடுவார்கள். வாத்தியார் வாயில் இருந்து பதில் மட்டும் வரவே கூடாது. இதுதானே சாராம்சம்? பொய் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்துபோன மனுஷனிடம் வந்து, இனிமேல் பேச வேண்டாம், ஒதுங்கி நில்லுங்கள் என்றால் கசக்குமா? இத்தனை வருஷத்தில் அரசாங்கம் எனக்குச் செய்த முதல் நல்ல காரியம் என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன்.

முதல் நாள் வகுப்புக்குப் போய், "உங்களைச் சுத்தி இருக்கிற ஒரு பிரச்சினைய நீங்களே எடுத்துக்குங்க, நீங்களே விடை கண்டுபிடிங்க" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தன், "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்றான். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். "வராதுன்னு நினைக்கிறோம் சார்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டுக் கணக்கு வீட்டுப்பாடத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கும் எதிர்வாதம் பேசுவதால் பிள்ளைகள் அவளை வக்கீல் என்று கூப்பிடுவார்கள். அவள் எழுந்து, "சார், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற மொத பீரியட்ல எல்லாரும் தூங்குறோம். ஏன்னு கண்டுபிடிக்கலாமா?" என்றாள். மாப்பிள்ளை, மதியம் முதல் பீரியட் அறிவியல். அறிவியல் என்றால் நான். "அது என் பீரியட்மா" என்றேன். "அதனாலதான் சார் கேக்குறேன், உங்களுக்கும் பயன்படும்ல" என்றாள். பிள்ளைகள் எடுக்கும் பிரச்சினையை வாத்தியார் தட்டிக் கழிக்கக் கூடாது என்று நீங்கள் அடிக்கோடு போட்டுச் சொல்லியிருந்தீர்கள். கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. கடைசி பெஞ்சில் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்குப் பட்டப்பெயரே கொட்டாவி. அவனைத் தட்டி எழுப்பிக் கை தூக்க வைத்தார்கள்.

அன்று பிடித்தது சனி. கரும்பலகையில் மூன்று பத்தி பிரித்துக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்தது, தெரியாதது, எப்படித் தெரிந்துகொள்வது. முதலில் சாப்பாட்டின் மேல் சந்தேகம். பாதி வகுப்பு வயிறு நிறையச் சாப்பிடுவது, பாதி வகுப்பு அரை வயிறு சாப்பிடுவது, யார் தூங்குகிறார்கள் என்று பார்ப்பது. நிறையச் சாப்பிட்டவர்கள் தூங்கினார்கள். அரை வயிற்றுக்காரர்கள் பசியில் சோர்ந்துபோய் அவர்களுக்கு முன்பே தூங்கினார்கள். மறுநாள் ஒரு பையனின் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "என் புள்ள பாதிச் சாப்பாட்ட அப்படியே திருப்பிக் கொண்டாரான். கேட்டா ஆராய்ச்சிங்கிறான். என்ன சார் நடக்குது இங்க?" என்றார். அந்த நேரம் பார்த்து என் வாயில் இருந்து, பழக்க தோஷம், "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்று வந்துவிட்டது. அந்த அம்மா என்ன நினைத்தார் என்பதைத் தலைமை ஆசிரியை அறையில் போய்ச் சொன்னார். வராண்டா முழுக்கக் கேட்டது.

அடுத்தது காற்று. மூடின அறையில் இத்தனை பேர் மூச்சு விடுவதால் ஆக்சிஜன் தீர்ந்துபோய்விடுகிறது, அதனால்தான் தூக்கம் என்று முடிவு கட்டினார்கள். தப்பு, மாப்பிள்ளை! தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது. நாக்கின் நுனியில் பதிலை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் பயிற்சி கொடுப்பவர், உங்களுக்கு எப்படித் தெரியும். தாங்க முடியாமல் வராண்டாவுக்குப் போய்த் தூணைப் பார்த்து நின்றுகொண்டு, அடேய், ஆக்சிஜன் தீர்ந்தா தூங்க மாட்டீங்கடா, செத்துப் போவீங்கடா என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கமாக வந்த உடற்பயிற்சி வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் என்னிடம் ரொம்ப அன்பாகப் பேசுகிறார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உங்கள் அத்தையிடம் கொட்டிவிடுவேன். இப்போது அவளுக்கு மூச்சு மண்டலம் முழுக்க அத்துப்படி.

அவர்களோ அதைச் சுற்றி வளைத்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஆக்சிஜன் தீர்ந்தால் மெழுகுவத்தி அணைய வேண்டுமே என்று ஒரு மெழுகுவத்தியை மேஜை மேல் ஏற்றி வைத்தார்கள். மெழுகுவத்தி பாட்டுக்கு எரிந்தது, தூங்கினவர்கள் பாட்டுக்குத் தூங்கினார்கள். சரி, இது இல்லை என்று அழித்துவிட்டு, ஒருத்தியின் சித்தி நர்ஸாம், அவரைப் போய்ப் பார்த்து, நாம் வெளியே விடுகிற மூச்சு அறையில் தேங்கினால் தலை மந்தமாகும் என்று கேட்டு வந்தார்கள். உடனே ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பெயின்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்ட ஜன்னல் அது. நான் அந்த வகுப்புக்கு வந்த நாளில் இருந்து திறந்ததில்லை. திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினதும் இல்லை. இவர்கள் ஆபீசுக்குப் போனார்கள், கிளார்க் மனு கொடுக்கச் சொன்னார், தாங்களே மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தச்சரைக் கையோடு கூட்டி வந்தார்கள். அவர் உளி வைத்துத் தட்டினார், ஜன்னல் திறந்தது, வெளியே ஒரு மரம் இருந்தது. அங்கே மரம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தூக்கம் கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. மதிய வெயிலையும் ஒரு காரணமாகக் குறித்துக்கொண்டார்கள். கொட்டாவி அதே மாதிரிதான்.

அப்புறம்தான் வந்தது வினை. இடைவேளையில் வக்கீல் இன்னும் ரெண்டு பேரோடு என் மேஜை முன்னால் வந்து நின்றாள். ரொம்பப் பணிவாக, கையைக் கட்டிக்கொண்டு.

"சார், எல்லாத்தையும் சோதிச்சிட்டோம். ஒண்ணு மட்டும் பாக்கி."

"என்னம்மா?"

"நீங்க சார்."

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஒதுங்கி நிற்க வேண்டியவன் நான். ஒதுங்கி நின்றவனையே இழுத்து நடுவில் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் வாத்தியார் என்று புதிதாக ஒரு இளைஞர் வந்திருக்கிறார், இன்னும் கன்னத்தில் பரு கூடப் போகவில்லை. அவர் என் பாடத்தை, என் அறையில், என் பீரியடில் ரெண்டு நாள் நடத்தினார். யாரும் தூங்கவில்லை. ஒருத்தர் கூடத் தூங்கவில்லை, மாப்பிள்ளை! கொட்டாவி முழித்திருந்ததும் இல்லாமல் ஒரு சந்தேகமும் கேட்டானாம். அதற்கு மேல் என் குரலைப் போனில் பதிவு பண்ணி, ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே நேர்கோடு. 'ஆகையினாலே' என்று நான் எத்தனை தடவை சொல்கிறேன் என்று ஒருத்தி எண்ணியிருக்கிறாள். அந்தப் பதிவைக் கொட்டாவி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது, தொட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த அவன் தங்கச்சிப் பாப்பா பட்டென்று தூங்கிவிட்டதாம். மறுநாள் வந்து என்னிடமே, "சார், ஒளிச்சேர்க்கைப் பாடமும் பதிவு பண்ணித் தர முடியுமான்னு அம்மா கேக்குறாங்க" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை அவன். நிஜமாகவே கேட்டான்.

இதெல்லாம் நாலு சுவருக்குள் நடந்தது, போகட்டும். போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஆராய்ச்சி முடிவை மேடை போட்டுச் சொன்னார்கள். உங்கள் அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன். நீங்களும் வருவதாக இருந்தது. வேறு ஊரில் பயிற்சி என்று வராமல் இருந்துவிட்டீர்கள், நல்ல காரியம். பெரிய சார்ட்டில் ஒரு வட்டம் வரைந்து பங்கு பிரித்திருந்தார்கள். வக்கீல் குச்சி வைத்துக் காட்டினாள். "இது வெயில். இது அடைச்ச ஜன்னல். இந்தச் சின்னத் துண்டு சாப்பாடு." அப்புறம் ஒரு பெரிய துண்டு, கத்தரிப்பூ நிறத்தில். அதன் மேல் குச்சியை வைத்து, கொஞ்சம் தயங்கி, "மீதி சார்" என்றாள். அப்புறம் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார், அவ்வளவுதான், கூடமே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தது. மேடை ஓரத்தில் போட்ட நாற்காலியில் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தேன். அத்தனை பேரிலும் முதலில் கை தட்டியது யார் தெரியுமா? உங்கள் அத்தை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "எதுக்கு இப்போ கை தட்டுன?" என்று கேட்டேன். "புள்ளைங்க உள்ளதத்தான சொன்னாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் உங்க பேச்சக் கேட்டுக்கிட்டே தூங்குறவதான், தூக்க மாத்திரை வாங்கினதுண்டா நான்?" என்றாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. கோபம் என்று கூடச் சொல்ல முடியாது, மாப்பிள்ளை. பிள்ளைகள் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. பொய்யும் சொல்லவில்லை. யார் மேல் கோபப்படுவது? பெரிய மழையில் நனைந்த மாதிரி உடம்பு முழுக்க ஒரு அயர்ச்சி. இத்தனை வருஷமாக அந்த அறையில் நின்று நான் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை என்றால், அங்கே நின்றுகொண்டிருந்தது யார் என்று தோன்றியது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அம்மா கூப்பிட்டார். நாற்காலி போட்டு, ஃபேனை வேகமாக வைத்து, "மனசுல வச்சுக்காதீங்க சார், சின்னப் பசங்க" என்றார். கூடவே, மதிய வகுப்பையெல்லாம் கம்ப்யூட்டர் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு என்னைக் கால அட்டவணை போடுகிற வேலைக்கும் ஆய்வுக்கூட அலமாரிப் பொறுப்புக்கும் மாற்றலாமா என்று யோசிக்கிறாராம். ஆனால் உங்கள் திட்டத்தில் என் பெயர் இருப்பதால் உங்கள் வார்த்தை வந்தால்தான் மாற்ற முடியுமாம்.

ஆகையினாலே (பாருங்கள், வந்துவிட்டது) இந்த ஒரே ஒரு உதவியைச் செய்யுங்கள். மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு அந்த அலமாரி போதும். சோதனைக் குழாய்கள் கேள்வி கேட்காது. நான் பேசினால் தூங்கவும் தூங்காது. மிச்சம் இருக்கிற காலத்தை யாருக்கும் பதில் சொல்லாமல், பதிலை அடக்கிக்கொண்டும் நிற்காமல் ஓட்டிவிடுகிறேன். நீங்கள் படித்தவர், நாலு ஊர் பார்த்தவர், உங்கள் முறை நல்ல முறையாகவே இருக்கலாம். நல்ல முறையை நல்ல வயசில் பிடித்திருக்க வேண்டும். எனக்குத் தெம்பில்லை. இதைப் படித்துவிட்டு, நீங்க என்ன நினைக்கிறீங்க மாமா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நினைத்ததை எல்லாம் எழுதிவிட்டேன்.

என் மகளிடம் மேடையில் நடந்ததைச் சொல்ல வேண்டாம். அவளும் சின்ன வயதில் என் வகுப்பில் படித்தவள், கேட்டால் சிரிப்பாள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், குறையாத ஆரோக்கியமும், படுத்தவுடன் தூக்கமும் கிடைக்க மனதார வாழ்த்துகிறேன். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். புதிதாக இன்னொரு கடிதம் எழுதத் தெம்பில்லாததால் இதையே அனுப்புகிறேன், இதை மட்டும் படித்துவிட்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள். தபாலில் சேர்க்கலாம் என்று இதைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இடைவேளையில் அந்தக் கூட்டம் மறுபடியும் வந்து நின்றது. வக்கீல் முகம் தொங்கிப்போயிருந்தது. "சார், நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்றாள். கம்ப்யூட்டர் வாத்தியார் வகுப்பெடுத்த ரெண்டு நாளும் மதியம் நல்ல மழையாம். அறை குளுகுளுவென்று இருந்திருக்கிறது. வெயிலில் என்னையும் மழையில் அவரையும் வைத்து ஒப்பிட்டது எப்படி நியாயம் என்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்கிறீர்கள்? கொட்டாவி! "நனைஞ்ச சட்டையோட உக்காந்திருந்தேன் சார், அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?" என்றான். யார் இதை மறுபடி பார்க்கச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல சார், எங்களுக்கே உறுத்துச்சு" என்றார்கள். எனக்குத் தெரியாமல் தலைமை ஆசிரியை அறைக்கே போய், முடிவு செல்லாது, திரும்பச் சோதிக்கிற வரைக்கும் சாரை மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறார்கள். கூடவே எனக்கு ஒரு நிபந்தனை: "பழையபடியே பேசணும் சார். தயவுசெஞ்சு நல்லாப் பேசிடாதீங்க, கணக்குக் கெட்டுப்போகும்." இத்தனை வருஷ அனுபவத்தை எல்லாம் திரட்டி இன்று மதியம் நல்ல வெயிலில் முடிந்தவரை மோசமாகப் பேசினேன். ஒருத்தரும் தூங்கவில்லை. எப்போது தூக்கம் வருகிறது என்று ஆளாளுக்குத் தங்களையே உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? சோதனை பாழ். இதை எப்படிச் சரி பண்ணுவது என்று மணி அடித்த பிறகும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், என் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. நான் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது கொட்டாவி மட்டும் பின்னாலேயே வந்தான். "சார், தூங்காம இருந்ததுல இன்னைக்குப் பாடம் புரிஞ்சிருச்சு. இத எந்தப் பத்தியில எழுதுறது?" என்று கேட்டான். இந்தத் தடவை பதிலை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை, மாப்பிள்ளை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.